எந்த மகாத்மா மெய்? பிரம்மஞான சபையின் குருச் சண்டைகளும் நம் கையிலுள்ள உரைகல்லும்

ஆழ்வார்திருநகரிக் கோயிலில் ஒரு புளியமரம் இருக்கிறது. அதன் பொந்தில் நம்மாழ்வார் பேசாமல் பதினாறு ஆண்டுகள் அமர்ந்திருந்தார் என்பது வைணவ குருபரம்பரைக் கதை. பக்கத்து ஊரான திருக்கோளூரில் பிறந்த மதுரகவி, வடக்கே யாத்திரை போயிருந்தபோது தெற்கில் ஓர் ஒளியைக் கண்டு, அதைப் பின்தொடர்ந்து இங்கே வந்து சேர்ந்தாராம். அவர் வயதில் மூத்தவர், பார்ப்பனர். மரத்தடியில் இருந்தவரோ வேளாளர் வீட்டு இளைஞர். மதுரகவி வந்ததும் காலில் விழுந்துவிடவில்லை. ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுக் காது கேட்கிறதா என்று பார்த்தார். பிறகு உயிரையும் உடலையும் பற்றிப் புதிர் போல ஒரு கேள்வி கேட்டார். பதில் வந்த பிறகுதான் குருவாக ஏற்றார்.

கதை நடந்ததா இல்லையா என்பது நமக்கு முக்கியமில்லை. குருவைச் சோதிப்பது குற்றமில்லை என்று இந்த மண்ணின் பக்திக் கதையே ஒப்புக்கொள்கிறது, அதுதான் முக்கியம். அதே கதையில் இன்னொன்றும் இருக்கிறது. பார்ப்பனர் ஒருவர் சூத்திரரைக் குருவாக ஏற்றதாகப் பெருமை பேசும் இந்த மரபு, சேரிக்குக் கோயில் கதவைத் திறந்துவிடவில்லை. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வர 1939 ஆக வேண்டியிருந்தது. ஆகவே ஒரு குருவைச் சோதிக்க இரண்டு கேள்விகள் வேண்டும். அவர் சொல்வது மெய்யா? அவர் மெய்யென்றால், அதனால் யாருக்கு என்ன மாறியது?

இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு, நம் சென்னையில் தலைமையிடம் வைத்து உலகம் முழுக்கக் குருச் சண்டை நடத்திய ஓர் அமைப்பின் வரலாற்றைப் பார்ப்போம். பிரம்மஞான சபை என்று நாம் அழைக்கும் தியசாபிகல் சொசைட்டிதான் அது. தலித் விடுதலை வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் இந்தச் சபையைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. கர்னல் ஆல்காட், பஞ்சமர் பள்ளிகள், அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தம் எல்லாம் அந்த வாசல் வழியாகவும் வருகின்றன. அங்கே யாரை நம்புவது, யாரை நம்பக்கூடாது என்ற கேள்வி நம் முன்னோர்கள் உண்மையிலேயே எதிர்கொண்ட கேள்வி.

சபை 1875 நவம்பரில் நியூயார்க்கில் தொடங்கியது. ரஷ்யாவில் பிறந்த பிளாவட்ஸ்கி அம்மையார், அமெரிக்கரான கர்னல் ஆல்காட், வழக்கறிஞர் வில்லியம் ஜட்ஜ் மூவரும் முதன்மையானவர்கள். 1879-ல் பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் பம்பாய் வந்தார்கள். 1882 இறுதியில் அடையாறில் குடியேறினார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1881 அக்டோபரில், ஆல்காட் திருநெல்வேலிக்கு வந்தார். இலங்கையிலிருந்து சிங்களப் பௌத்தர்கள் சிலரை உடன் அழைத்து வந்து, நெல்லையப்பர் கோயில் வளாகத்தில் ஒரு தென்னங்கன்றை நட்டார். இந்துக்களுக்கும் பௌத்தர்களுக்கும் இடையே சகோதரத்துவத்தின் அடையாளம் அது. வாழ்த்துகள், மேளதாளம், கூட்டம் எல்லாம் இருந்தன. கடல் கடந்து வந்த பௌத்தர்களும், மாட்டிறைச்சி உண்ணும் நாட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரரும் சிறப்பு விருந்தினர்களாக நின்ற அந்தக் காலத்தில், தாமிரபரணிக் கரையின் வயல்களில் நாற்று நட்ட பள்ளரும் பறையரும் அந்தக் கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. சகோதரத்துவ மரம் நடப்பட்ட வளாகத்துக்கு வெளியேதான் நம் பாட்டன்மார் நின்றார்கள். ஆல்காட்டின் நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. சகோதரத்துவம் என்ற சொல் யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்பதைக் குறித்துக்கொள்கிறோம்.

சரி, சபையின் குருமார்கள் யார்? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பிளாவட்ஸ்கி தன்னைக் குரு என்று சொல்லிக்கொள்ளவில்லை. திபெத்துப் பக்கம் வாழும் மகாத்மாக்களின் தூதர் என்றே சொன்னார். மோர்யா, கூட் ஹூமி என்பவை அவர்களில் இருவருடைய பெயர்கள். அவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. கூரையிலிருந்து விழுந்தன, அடையாறு மாளிகையின் ஓர் அறையில் இருந்த மரப்பேழைக்குள் தோன்றின. மகாத்மாக்களைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். பெரும்பாலானோர் கடிதங்களை மட்டுமே பார்த்தார்கள்.

1883-ல் முதல் ஓட்டை தெரிந்தது. சின்னெட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் தன் நூலில் கூட் ஹூமியின் கடிதம் ஒன்றை வெளியிட்டிருந்தார். அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி கிடில் அதைப் படித்துவிட்டு, 1880-ல் தான் பேசிய சொற்பொழிவின் வரிகள் அப்படியே அதில் இருப்பதாகப் புகார் செய்தார். ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு அது சரியாகவே பட்டது. மகாத்மா தரப்பில் விளக்கம் வந்தது: மனத்தால் சொல்லி மாணவர் மூலம் எழுத வைத்தபோது கடிதம் அரைகுறையாகப் பதிந்துவிட்டது, மேற்கோள் என்பதைக் காட்டும் பகுதிகள் விட்டுப்போயின என்று. இந்த விளக்கம் பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. மெய் என்றும் நிரூபிக்க முடியாது. எந்தத் தவறு நடந்தாலும் தப்பித்துக்கொள்ளும்படி அமைந்த விளக்கம் எதையும் விளக்குவதில்லை. இளைஞர்கள் இந்த ஒன்றை மட்டும் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டாலும் போதும்.

அடுத்த ஆண்டு வெடித்தது பெரிய விவகாரம். அடையாறு மாளிகையில் வேலை பார்த்து, பிறகு வெளியேற்றப்பட்ட எம்மா கூலோம் என்ற பெண்ணும் அவர் கணவரும், பிளாவட்ஸ்கி எழுதியவை என்று சொல்லிச் சில கடிதங்களைச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் இதழுக்குக் கொடுத்தார்கள். 1884 செப்டம்பரில் அவை அச்சேறின. அற்புதங்கள் எல்லாம் ஏற்பாடு செய்யப்பட்ட வித்தைகள் என்பது குற்றச்சாட்டு. லண்டன் ஆன்மிக ஆய்வுச் சங்கம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சனை அனுப்பி விசாரித்து, 1885 இறுதியில் பிளாவட்ஸ்கி ஒரு மோசடிக்காரர் என்று அறிக்கை வெளியிட்டது. அதற்குள் அந்த மரப்பேழையைச் சபைக்காரர்களே எரித்துவிட்டிருந்தார்கள். பிளாவட்ஸ்கி வழக்குத் தொடுக்க விரும்பினார். சபையின் குழு வேண்டாம் என்று தடுத்தது. அவர் 1885 மார்ச்சில் இந்தியாவை விட்டுப் போனார், திரும்பி வரவில்லை.

இதில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். கூலோம் தம்பதிக்குக் கோபம் இருந்தது. மிஷனரி இதழுக்குச் சபை போட்டியாளர். ஹாட்ஜ்சனின் அறிக்கையும் குறையற்றதில்லை. நூறு ஆண்டு கழித்து, 1986-ல், கையெழுத்து ஆய்வாளர் வெர்னான் ஹாரிசன் அதே சங்கத்தின் இதழிலேயே அந்த அறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று எழுதினார். ஆக, குற்றம் சாட்டியவர்களின் நோக்கத்தையும் நாம் உரசிப் பார்க்க வேண்டும். ஆனால் எதிரியின் நோக்கம் கெட்டது என்பதால் நம் தரப்பு சுத்தமாகிவிடாது. பேழையைப் பாதுகாத்து விசாரணைக்குக் கொடுத்திருந்தால், அதுவே பிளாவட்ஸ்கிக்குச் சிறந்த சாட்சியாக இருந்திருக்கும். சாட்சியை எரித்தவர்கள் பக்தர்கள்தான்.

1891 மே மாதம் பிளாவட்ஸ்கி இறந்தார். தூதர் போய்விட்டார். இனி மகாத்மாக்கள் யார் மூலம் பேசுவார்கள்? அமெரிக்காவில் இருந்த ஜட்ஜ், தன்னிடம் கடிதங்கள் வருகின்றன என்றார். லண்டனில் பிளாவட்ஸ்கியின் மாணவியாகி எழுந்த அன்னி பெசன்ட் முதலில் நம்பினார். பிறகு ஆல்காட்டும் பெசன்ட்டும் சேர்ந்து, அந்தக் கடிதங்களை ஜட்ஜே எழுதினார் என்று குற்றம் சாட்டினார்கள். 1894 ஜூலையில் லண்டனில் விசாரணைக் குழு கூடியது. ஜட்ஜின் வாதம் சாமர்த்தியமானது. கடிதம் மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொன்னால், மகாத்மாக்கள் இருக்கிறார்களா இல்லையா என்று சபை தீர்ப்புச் சொன்னதாகிவிடும். சபைக்கோ எந்த நம்பிக்கையும் கட்டாயமில்லை. ஆகவே விசாரிக்க அதிகாரமில்லை. குழு அதை ஏற்றுக்கொண்டு கலைந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் ஜட்ஜ், குருவின் கட்டளை என்று சொல்லிப் பெசன்ட்டைச் சபையின் அந்தரங்கப் பிரிவுத் தலைமையிலிருந்து நீக்கினார். பெசன்ட் அந்தக் கட்டளையை ஏற்கவில்லை. 1895 ஏப்ரலில் அமெரிக்கக் கிளைகளில் பெரும்பகுதி பிரிந்து போயிற்று. ஒரே மகாத்மாக்கள், இரண்டு தூதர்கள், இரண்டு கட்டளைகள். எது மெய் என்று சொல்ல வேண்டிய மகாத்மாக்களை நேரில் கூப்பிட்டுக் கேட்க யாராலும் முடியவில்லை. கடைசியில் யார் பக்கம் ஆள் அதிகம், அச்சகம் யாரிடம், கட்டடம் யாரிடம் என்பதே தீர்மானித்தது.

இதே காட்சி 1907-ல் மறுபடியும் நடந்தது. ஆல்காட் அடையாறில் மரணப் படுக்கையில் இருந்தார். மகாத்மாக்கள் அவர் கட்டிலருகே தோன்றி, அடுத்த தலைவராக அன்னி பெசன்ட்டை முன்மொழியச் சொன்னதாக அறிவிக்கப்பட்டது. அதே காட்சியில் இன்னொரு விஷயமும் தீர்க்கப்பட்டது. சிறுவர்களுக்குத் தகாத பாலியல் அறிவுரை கொடுத்தார் என்ற புகாரில் 1906-ல் சபையிலிருந்து விலகியவர் லெட்பீட்டர். அந்தப் புகாரைக் கேட்டதும் பெசன்ட், தானும் அவரும் ஒன்றாகக் குருமார்கள் முன் நின்றதாக முன்பு கண்ட காட்சி மாயையாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். இப்போது மகாத்மாக்கள் அது மாயையில்லை என்றார்களாம். பெசன்ட் தலைவரானார். லெட்பீட்டர் சபைக்குள் திரும்பி வந்தார்.

இந்தச் சுழற்சியைக் கவனியுங்கள். ஒருவர் காட்சிக்கு இன்னொருவர் காட்சி சாட்சி. அந்தக் காட்சிக்கு மூன்றாவது காட்சி சாட்சி. வெளியிலிருந்து ஒரு சாட்சிகூட உள்ளே வர முடியாது. ஒவ்வொரு முறையும் மேலுலகத்துச் செய்தியால் இந்த உலகத்தில் யாருக்கோ பதவி கிடைத்தது.

1909-ல் லெட்பீட்டர் அடையாறுக் கடற்கரையில் ஒரு சிறுவனைக் கண்டார். சபையில் வேலை பார்த்த நாராயணய்யா என்ற தெலுங்குப் பார்ப்பனரின் மகன் கிருஷ்ணமூர்த்தி. வரப்போகும் உலக குருவுக்கான உடல் இதுதான் என்று அறிவித்தார்கள். அதற்கு முன் அதே இடத்துக்கு ஹ்யூபர்ட் என்ற அமெரிக்கச் சிறுவனைச் சொல்லியிருந்தார்கள். அவனும் தாயுமாக அடையாறுக்கு வந்தபோது இடம் போய்விட்டிருந்தது. 1911-ல் உலக குருவை வரவேற்க நட்சத்திரச் சங்கம் தொடங்கியது. 1912-ல் நாராயணய்யா தன் மகன்களைத் திருப்பித் தரக் கோரிச் சென்னையில் வழக்குப் போட்டார். 1913-ல் உயர்நீதிமன்றம் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சில், நடைமுறைக் காரணங்களால் அதை மாற்றியது. ஜெர்மன் கிளையின் தலைவரான ருடால்ஃப் ஸ்டைனர், இந்தச் சிறுவன்தான் உலக குரு என்பதை ஏற்க மறுத்து, 1912-13ல் பிரிந்து வேறு இயக்கம் கண்டார்.

இனி நம் இரண்டாவது கேள்விக்கு வருவோம். இந்தச் சண்டைகளில் எல்லாம் சேரி எங்கே இருந்தது?

1894-ல் ஆல்காட் அடையாறு அருகே பஞ்சமர் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அது பெருகிச் சென்னையில் சில பள்ளிகளாயிற்று. மகாத்மாவின் கடிதத்துக்கு இல்லாத ஒரு குணம் அந்தப் பள்ளிக்கு இருந்தது. யாரும் போய்ப் பார்க்கலாம். பிள்ளைகளை எண்ணலாம், படிக்கத் தெரிகிறதா என்று கேட்கலாம்.

அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டை அணுகியது இந்தச் சூழலில்தான். ஆனால் அதற்கு முன்பே பண்டிதர் தன் உரைகல்லைத் தயாராக வைத்திருந்தார். 1892-ல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், விஷ்ணு கோயிலிலும் சிவன் கோயிலிலும் எங்களுக்கு ஏன் இடமில்லை என்று எழுந்து கேட்டார். சிவராம சாஸ்திரி என்பவர், உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கிறார்கள் என்ற பொருள்படப் பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமியே எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பண்டிதர் இலவசப் பள்ளியும் தரிசு நிலமும் கேட்டார். எத்தனை பெரிய மாற்றம் பாருங்கள்! சாமி யாருடையது என்ற கணக்கு முடியாதது. பள்ளி இருக்கிறதா, நிலம் கிடைத்ததா என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

1898-ல் பண்டிதர் ஆல்காட்டுடன் இலங்கை போய், கொழும்பில் சுமங்கல நாயக்க மகாதேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஆல்காட்டின் உதவியை ஏற்றுக்கொண்டார், மகாத்மாக்களை ஏற்றுக்கொள்ளவில்லை. கடிதம் அனுப்பும் திபெத்துக் குருவை விட, எல்லோரும் படித்து விவாதிக்கக்கூடிய புத்தரின் அறம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. காலாமர்களிடம், மரபு என்பதாலோ குரு சொன்னார் என்பதாலோ ஏற்காதீர்கள், ஏற்று நடந்தால் நன்மை விளைகிறதா என்று பாருங்கள் என்ற கருத்தைப் போதித்தவர் அல்லவா புத்தர்?

பண்டிதர் நமக்கு இரண்டு சொற்களையும் விட்டுப் போயிருக்கிறார்: யதார்த்த பிராமணர், வேஷ பிராமணர். அறத்தாலும் அறிவாலும் உயர்ந்தவர் முதலாமவர். அந்தத் தோற்றத்தை உடுத்திக்கொண்டு பிழைப்பவர் இரண்டாமவர். இரண்டையும் பற்றித் தனித்தனியே நூல் எழுதினார். பிறப்பைப் பார்க்காதே, உடையைப் பார்க்காதே, நடப்பைப் பார் என்பதே அதன் சாரம். அடையாறுச் சண்டைகளில் எந்தத் தரப்பும் கையில் எடுக்காத கல் இது.

அந்தக் கல்லில் அன்னி பெசன்ட்டை உரசினால் என்ன ஆகிறது? ஆல்காட் 1907 பிப்ரவரியில் மறைந்தார். இரண்டே ஆண்டில், 1909 பிப்ரவரி இந்தியன் ரிவ்யூ இதழில், தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் உயர்வு பற்றிப் பெசன்ட் எழுதினார். நம் குழந்தைகளின் உடல் தலைமுறைகளின் உணவாலும் குடியாலும் கெட்டு நாற்றமடிக்கிறது, அவர்களை மேல்சாதிக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைக்கக்கூடாது, முதலில் சுத்தம் கற்றுக்கொடுங்கள் என்பது அதன் கருத்து. பிற்காலத்தில் அம்பேத்கர், காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்ற 1945-ஆம் ஆண்டு நூலில், இந்தக் கட்டுரையை நீளமாக எடுத்துக்காட்டி அம்பலப்படுத்தினார். பெசன்ட் இதை எழுதிய அதே ஆண்டில்தான் லெட்பீட்டர் கடற்கரைச் சிறுவனிடம் மாசற்ற ஒளிவட்டத்தைக் கண்டார். எல்லா உயிரிலும் ஒரே ஆன்மா என்று போதித்த சபையின் தலைவருக்கு, பக்கத்து வகுப்பறையில் இருந்த குழந்தையிடம் நாற்றம் மட்டுமே தெரிந்தது. பல பிறவிகளைக் காணும் ஞானக்கண் மெய்யா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கண்முன் இருந்த பிறவியைப் பார்த்த பார்வையே போதுமான சாட்சி.

கிருஷ்ணமூர்த்தியை உரசினால்? 1929 ஆகஸ்ட் 3 அன்று, நெதர்லாந்தின் ஓமன் முகாமில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அவர் நட்சத்திரச் சங்கத்தைக் கலைத்தார். தனக்குச் சீடர்கள் வேண்டாம் என்றார். நன்கொடையாக வந்த ஏர்ட கோட்டையும் நிலமும் கொடுத்தவரிடமே திரும்பிப் போயின. இந்தக் கதையில் பதவியும் சொத்தும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்த காட்சி இது ஒன்றுதான். அந்த அளவில் அவருக்கு நாம் மதிப்புத் தர வேண்டும். அதற்காக இரண்டாவது கேள்வியை விட்டுவிட முடியாது. சாதி ஒழிப்பு அவருடைய மையப் பணியாக ஒருபோதும் இருக்கவில்லை. அதிகாரத்தைத் துறந்த குருவும் நம் விடுதலைக்குத் தானாகவே பயன்பட்டுவிடுவதில்லை.

நம் பண்டிதரையும் இதே கல்லில் உரசத்தான் வேண்டும். பறையரைச் சக்கிலியர், தோட்டியர் முதலானவர்களோடு ஒரே பஞ்சமர் பட்டியலில் சேர்ப்பதை எதிர்த்து அவர் எழுதியவை, அருந்ததியத் தோழர்களைக் காயப்படுத்துபவை. அவரைக் கொண்டாடும் நாம் இதை மறைத்தால், அடையாறுப் பக்தர்கள் பேழையை எரித்த வேலையையே செய்கிறோம். நம் பெரியவர்களுக்கு ஒரு கல், பிறர் பெரியவர்களுக்கு வேறு கல் என்று வைத்துக்கொண்டால் அது உரைகல் இல்லை, வெறும் கல்.

இதெல்லாம் நூறு வருடப் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். தாமிரபரணிக் கரையில் இன்றும் சாமியார்கள் வருகிறார்கள், போகிறார்கள். புஷ்கரம் வருகிறது, தியான வகுப்பு வருகிறது, எல்லோரும் ஒன்று என்ற பேச்சு வருகிறது. நம் இயக்கங்களுக்குள்ளேயும், தலைவரின் உண்மையான வாரிசு நான்தான், கடைசியாக என்னிடம்தான் பேசினார் என்ற குரல்கள் எழுகின்றன. இளம் தோழர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி, இவர்களில் யாரை நம்புவது என்பதுதான். ஆளைக் காட்டி நாம் பதில் சொல்லப் போவதில்லை. கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

அவர் சொல்வதைச் சபைக்கு வெளியே இருப்பவர் சோதிக்க முடியுமா? அவருக்குக் கிடைக்கும் அருள்வாக்கால் பதவியோ பணமோ பெறுவது யார்? தவறு வெளிப்பட்டால் விசாரணைக்கு உட்படுகிறாரா, இல்லை விசாரிக்க யாருக்கும் அதிகாரமில்லை என்கிறாரா? புகார் சொன்னவர் குழந்தையாகவோ பெண்ணாகவோ சேரிக்காரராகவோ இருந்தால் அவர் குரல் கேட்கப்படுகிறதா? அவர் மடத்தின் சமையலறையில் யார் சமைக்கிறார்கள், கழிவறையை யார் கழுவுகிறார்கள், அறங்காவலர் குழுவில் யார் இருக்கிறார்கள்? நம் தெருவில் சாதித் தாக்குதல் நடந்த மறுநாள் அவர் எங்கே நின்றார்?

கடைசி மூன்று கேள்விகளுக்கு ஞானக்கண் தேவையில்லை. நேரில் போய்ப் பார்த்தால் போதும். ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். நாளை இன்னொரு மகாத்மா வரும்போது, அடுத்த தலைமுறை அந்தக் குறிப்பேட்டை எடுத்துப் பார்க்கட்டும்.